பதினான்காவது வளைவில் கிடக்கும் வண்டி

ஜனவரி 8, 2024, திங்கள்

மாலையில் ஆளுக்கு ஒரு பக்கமாவது குறிப்பு எழுத வேண்டும் என்று பத்ரியா மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். எஞ்சினியர், ஓமன்காரர். என் மகனைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான். சர்வேயர் எட்வின் நாகர்கோவில்காரன், டேப்லெட்டில் தட்டுகிறான். எனக்கு அந்த வித்தை வராது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்த பழைய ஜாப் கார்டு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். தமிழ் என்பதால் மேடம் படிக்கப்போவதில்லை. அவருக்கு வேண்டியதை வாயால் சொல்லிவிட்டால் போயிற்று.

மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் பாதையை இங்கே அகபா என்பார்கள். இந்த அகபாவில் முதலில் கழுதைகள் இறங்கின. எழுபதுகளில் அதன் மேலேயே தார் போட்டு லாரி விட்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு வளைவுகள், கீழே பாலைவனம். பத்து வருஷத்துக்கு முன் சுரங்கம் குடைந்து புது ரோடு வந்ததும் இதை இரண்டு பக்கமும் கல் அடுக்கி மூடிவிட்டார்கள். இப்போது மலையில் நடைபயணம் போகிறவர்களுக்காகத் திறக்கப்போகிறார்களாம். அதற்கு முன் ரோட்டை அளக்க வேண்டும், பள்ளத்தில் விழுந்து கிடக்கும் வண்டிகளை எண்ண வேண்டும், எதை எப்படித் தூக்குவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அடிவாரக் கேம்பில் நான் மெக்கானிக். அதனால் கம்பெனி என்னைப் போகச் சொன்னது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

இரவு என் மனைவி செல்வநாயகி போன் செய்தாள். நிச்சயதார்த்தம் தை இருபத்தெட்டு, அதாவது பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை எங்கள் மகன் நவநீதன். பெண் பவதாரணி. இதே ரோட்டில் 2006ல் வண்டியோடு விழுந்து செத்த அர்த்தனாரியின் மகள்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று நான்கு வளைவுகள். மேலே பழைய போலீஸ் சாவடி கூரையில்லாமல் நிற்கிறது. லாரிகள் அங்கே நின்று, இரண்டாம் கியர் போட்டு, பிறகுதான் இறங்க வேண்டும். ‘கீழ் கியர்’ என்று அரபியில் எழுதிய பலகையில் யாரோ துப்பாக்கியால் சுட்டுப் பழகியிருக்கிறார்கள்.

இரண்டாவது வளைவுக்கு மேல் தார் இருக்கிறது, ஆனால் நடுவே பிளந்து முள்செடி முளைத்திருக்கிறது. மூன்றாவதில் பாறை சரிந்து பாதி ரோட்டை அடைத்துவிட்டது. நான்காவதில் தடுப்புச் சுவரையே வெள்ளம் தின்றிருக்கிறது. அங்கே கயிறு கட்டி ஒவ்வொருவராகப் போனோம். எட்வின் கருவியை நிறுத்தி அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, நூறு மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் இறங்குது. இத ரோடுன்னு சொல்லப்பிடாது. ஏணின்னு எழுதிரட்டா?”

“எழுது. மேடம் உன்ன அந்த ஏணியில கட்டித் தொங்கவிடுவாங்க.”

உடைந்த தாருக்கு அடியில் கழுதைப் பாதையின் கற்கள் தெரிகின்றன. கையால் செதுக்கிப் பதித்தவை. மேடம் அதைப் பார்த்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து மண்ணைத் துடைத்துப் படம் எடுத்தார். அவருடைய தாத்தா பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு இந்த வழியாக வந்தவராம்.

வளைவுகளைப் பார்க்கும்போது எனக்கு எண் மட்டும்தான் வருகிறது. நாலு முடிந்தது. இன்னும் பத்து.

ஜனவரி 10, புதன்

முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்தேன். ஆறாவது வளைவு வரை.

ஜனவரி 11, வியாழன்

ஒன்பதாவது வளைவு வரை இறங்கிவிட்டோம். ஏழாவதில் ஒரு பிக்கப், எட்டாவதில் ஒரு டேங்கர், இரண்டுக்கும் படம் எடுத்து விவரம் சொன்னேன். டேங்கரின் டயர்களை ஆடு மேய்ப்பவர்கள் எப்போதோ உருவிவிட்டார்கள்.

சாப்பிடும்போது எட்வின் கேட்டான், பதினான்கில் கிடப்பது உங்கள் ஊர்க்காரர் வண்டி என்றார்களே, எப்படி விழுந்தது என்று. எல்லோருக்கும் சொன்னதையே சொன்னேன். ஜல்லி லோடு. அர்த்தனாரி இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிட்டான். வண்டி வேகம் எடுத்துவிட்டது, பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. சுவரை உடைத்துக்கொண்டு போய்விட்டது.

“நியூட்ரல்லயா? இந்த எறக்கத்துலயா? கிறுக்கா அவருக்கு?” என்றான் எட்வின்.

ரொட்டியைத் தின்றேன்.

மேடம் அதைக் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நடப்பவர்களுக்காக ஐந்து இடங்களில் தகவல் பலகை வைக்கப் போகிறார்களாம். பதினான்காவது வளைவில் வைக்கும் பலகையில் இந்தக் கதையை அரபியிலும் ஆங்கிலத்திலும் போடலாம் என்கிறார். நியூட்ரலில் இறங்கிய டிரைவர், ஒரு எச்சரிக்கை. வாசகத்தை எழுதிக் காட்டுகிறேன், சரியா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் உஸ்தாத் என்றார். மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சரி என்று தலையாட்டினேன்.

ஜனவரி 12, வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். ஜீப்புக்கு ஆயில் மாற்றினேன்.

செல்வநாயகி மறுபடி போன். நிச்சயப் புடவைக்கு இளம்பச்சையா, மயில் கழுத்து நிறமா என்று அரை மணி நேரம். பின்னால் பவதாரணியின் குரல் கேட்டது. போனை வாங்கிப் பேசினாள்.

“மாமா, நீங்க அங்க போயிருக்கீங்கன்னு அத்த சொன்னாங்க. அப்பா விழுந்த எடத்த ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“அது எதுக்கு சாமி இப்ப?”

“சும்மாதான் மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துறணும்னு இருக்குது.”

அனுப்புகிறேன் என்றேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். வீட்டுக்கு ஒரு டிரைவராவது இருப்பான், இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போயிருப்பான். அந்த ஊரில் ஒரு டிரைவர் நியூட்ரலில் வந்து செத்தான் என்றால், சமையல்காரன் சோற்றில் மண்ணைப் போட்டான் என்பதற்குச் சமம். அர்த்தனாரி வீட்டை ‘நியூட்ரல் வூடு’ என்றுதான் சொல்வார்கள். பவதாரணி பள்ளிக்கூடத்தில் படித்தபோது பையன்கள் அவளையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போய் வாத்தியாரிடம் சண்டை போட்டேன். நான்தான் போய் சண்டை போட்டேன்!

அர்த்தனாரியின் மனைவி சாந்தாமணிக்குக் கூடப் பிறந்த ஆண்கள் இல்லை. என்னைத்தான் அண்ணா என்று கூப்பிடுவாள். பவதாரணிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி என் மடிதான். அவள் ஐந்து வயதில் என் மடியில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் கேட்கிறது. அப்பன் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. காது வலிக்காக அழுகிறாள் என்றார்கள்.

ஜனவரி 14, ஞாயிறு

எட்டாம் தேதி எழுதியது பொய். கம்பெனி என்னைப் போகச் சொல்லவில்லை. நான்தான் மேனேஜரிடம் நாலு தடவை போய்க் கேட்டு வாங்கினேன். பதினான்கில் கிடக்கும் வண்டியை வேறு யாரும் கழற்றிவிடக் கூடாது என்றுதான்.

பன்னிரண்டாவது வளைவு வரை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எட்வின் கிறிஸ்தவன், ஆனாலும் அவன்தான் காலையில் எழுந்து கேஸ் அடுப்பில் அலுமினியக் குண்டாவை ஏற்றினான். வெல்லம் இல்லை, பேரீச்சம்பழப் பாகை ஊற்றினோம். பொங்கி வழிந்ததும் இரண்டு பேருமாகக் கத்தினோம். மேடம் பயந்துபோய்க் கூடாரத்திலிருந்து ஓடி வந்தார். மூன்று தட்டு சாப்பிட்டார்.

பதினொரு மணிக்குச் சாந்தாமணியிடமிருந்து போன். நான் மேட்டின் மேல் ஏறிப் பேசினேன். பொங்கல் விசாரித்தாள்.

“அண்ணா, ஒன்னு கேக்கோணும்னு பதினெட்டு வருசமா இருக்கறனுங். கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து மனசு தாங்க மாட்டீங்குது.”

“கேளு சாந்தாமணி.”

“அவிய நியூட்ரல்ல வந்தது என்னாலதானுங்?”

எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னாள். விபத்து நடந்த அன்று காலையில் கேம்புக்குப் போன் போட்டிருக்கிறாள். காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பன்னிரண்டு டிரிப் முடித்தால்தான் லீவு என்று அர்த்தனாரி சொல்லியிருக்கிறான்.

“நான் கத்துனனுங்ணா. ஊருல எல்லாத்துக்கும் சொல்லியாச்சு, எப்படியாச்சும் வெரசா ஓட்டி முடிச்சுப் போட்டு வாங்க, இல்லீன்னா வராதீங்கன்னு கத்துனன். அவிய சரி கண்ணுன்னு வெச்சாங்க. அதுக்கு ரெண்டு மணி நேரங் கழிச்சுத்தான்… நான் அவசரப்படுத்தாட்டி அவிய எதுக்குங்ணா நியூட்ரல்ல உடறாங்க? நல்ல டிரைவருங் அவிய. நான்தானுங் கொன்னு போட்டன்.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“கல்யாணத்தன்னைக்கு நான் மண்டபத்துக்கு வர்ல. செல்வநாயகியண்ணிய முன்ன நிக்கச் சொல்லுங்க. இந்தக் கையோட நான் புள்ளைக்கு முன்னால நிக்கக் கூடாதுங்.”

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் தெரிகிறது. ஆனால் நான் சொன்னது இதுதான். “அதெல்லாம் ஒன்னுமில்ல சாந்தாமணி. விதி. மனசப் போட்டு ஒளப்பிக்காத. வெச்சுரு.”

வைத்துவிட்டாள். அவள் எப்போதும் நான் சொன்னால் கேட்பாள்.

ஜனவரி 16, செவ்வாய்

பதின்மூன்று. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 17, புதன்

பதினான்கு.

தடுப்புச் சுவரில் வண்டி உடைத்த இடம் அப்படியே இருக்கிறது. பத்தடி அகலம். அதற்கு முன்னால் ரோட்டில் நாற்பதடிக்கு மேல் கறுப்புக் கோடு இருந்தது அப்போது. வெயிலும் மழையும் அதைக் கழுவிவிட்டன. எட்வின் அளந்தான். இதுவரை அளந்த பதினான்கு வளைவுகளில் இதுதான் செங்குத்து.

கயிறு கட்டி நானும் எட்வினும் இறங்கினோம். அறுபது மீட்டர். மேடம் மேலே நின்று வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, முன்பக்கம் பாறையில் முட்டிக்கொண்டு கிடக்கிறது. மஞ்சள் பெயின்ட் உரிந்து, பாதித் தொட்டியை மணல் மூடிவிட்டது. பின்கதவில் அவன் எழுதியிருந்த மகள் பெயரில் ‘தாரணி’ மட்டும் மிச்சம். எட்வினைப் பின்பக்கம் அளக்கச் சொல்லி அனுப்பிவிட்டு நான் முன் அச்சுக்கு அடியில் புகுந்தேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் பாக்கெட்டில் இருந்தது.

இனிமேல் சுற்றி வளைக்க வேண்டாம். எழுதிவிடுகிறேன்.

2006 ஜனவரி பதினாறாம் தேதி அர்த்தனாரி வண்டியைக் கொண்டுவந்தான். பிரேக் மிதித்தால் முன்பக்கம் இடது பக்கமாக இழுக்கிறது என்றான். லைனிங் தேய்ந்திருந்தது. புதுசு மஸ்கட்டிலிருந்து வர நாலு நாள் ஆகும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு ஒரு வழி உண்டு. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் காற்று போகும் பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றி, வாயில் ஒரு சைக்கிள் பேரிங் குண்டை வைத்து, மறுபடி இறுக்கிவிடுவோம். முன்பிரேக் அடைந்துவிடும். வண்டி இழுக்காது, பின்பிரேக்கிலேயே ஓடும். திருச்செங்கோட்டில் பாதி லாரி அப்படித்தான் ஓடுகிறது. முன்பிரேக் இருந்தால் வண்டி கவிழும் என்றே நம்பும் டிரைவர்கள் இருக்கிறார்கள். சமவெளியில் அது செல்லும். பதினெட்டு சதவீத இறக்கத்தில், முழு லோடில், பின்பிரேக் மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஐ.டி.ஐ.யில் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் கேட்டுத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவன் கேட்டது, “மச்சா, நாலு நாளைக்கு வண்டிய நிறுத்திப் போடட்டுமா?” என்றுதான். நான்தான் சிரித்தேன். “நாலு நாள் நின்னா டிரிப்பு எப்பிடி முடியும்? காதுகுத்துக்கு மாமன் மடி வேணும், அப்பன் வேணும். ரெண்டு பேரும் ஒரே பிளைட்டுல போறோம். அடச்சு உட்டர்றேன், ஓட்டு” என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம், நீ சொன்னாச் சரி மச்சா என்றான்.

மூன்று நாள் ஓட்டினான். பத்தொன்பதாம் தேதி விழுந்தான்.

போலீஸ் வந்ததும், வண்டியைப் பார்க்க மெக்கானிக் யார் என்று கேட்டார்கள். கேம்பில் இருந்த ஒரே மெக்கானிக் நான்தான். இன்று இறங்கியதுபோல அன்றும் கயிற்றில் இறங்கினேன், அவர்களுக்கு முந்தி, தனியாக. அவன் சீட்டில்தான் இருந்தான். கியர் கம்பி இரண்டாம் கியரில் இருந்தது. அவன் கை அதன் மேல் இருந்தது.

அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளினேன். கியர் நியூட்ரலில் இருந்தால் பழி டிரைவர் மேல் போகும், பிரேக்கை யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். பார்க்கவும் இல்லை.

இன்று இரண்டு நட்டும் துருவேறி அசையவில்லை. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். வலது பக்கம் மட்டும் கழன்றது. குண்டு துருப்பிடித்து பைப்போடு ஒட்டியிருந்தது. தட்டினேன், உள்ளங்கையில் விழுந்தது. கொண்டைக்கடலை அளவுகூட இல்லை.

இதை எடுத்து ஒளித்துவிடத்தான் வந்தேன். முந்தாநாள் வரைக்கும் அதுதான் திட்டம்.

எட்வின் வந்து குனிந்து பார்த்தான். “என்னண்ணே, அழுதியளா?” என்றான். ஆமாம் என்றேன்.

ஜனவரி 18, வியாழன்

மேடம் பலகை வாசகத்தைக் காட்டினார். எட்வின் தமிழில் படித்துச் சொன்னான். நியூட்ரலில் இறங்கிய ஒரு டிரைவரின் கவனக்குறைவால் என்று ஆரம்பித்தது. நான் நிறுத்தச் சொன்னேன். குண்டை மேஜை மேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த அரபி, இந்தி, ஆங்கிலம் எல்லாவற்றையும் கலந்து சொல்லி முடித்தேன். வார்த்தை கிடைக்காத இடங்களில் எட்வின் எடுத்துக் கொடுத்தான். கியர் கம்பி வந்ததும் அவனும் நிறுத்திவிட்டான். அதை நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

மேடம் நீண்ட நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் கேட்டார், “இதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் உஸ்தாத். உங்கள் பெயரோடு. போலீஸ் கூப்பிடலாம். எழுதட்டுமா?”

“எழுதுங்கள். ஆனால் முதலில் ஒரு வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். பத்து நாள் லீவு கொடுங்கள். திரும்பி வருவேன்.”

“பதினெட்டு வருஷம் சொல்லாதவர் இப்போது மட்டும் எதற்கு?”

சாந்தாமணி போனில் சொன்னதைச் சொன்னேன். மேடம் எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் லீவு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எட்வினிடம் கொடுத்தனுப்பினார். அவன் இரவு வரைக்கும் என்னைக் கேலி செய்யவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பவதாரணிக்குப் போட்டோ இன்னும் அனுப்பவில்லை. எதை எடுத்து அனுப்புவது?

ஜனவரி 26, வெள்ளி, ஊர்

நேற்று வந்தேன். செல்வநாயகியிடம் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கதவைச் சாத்தினாள்.

“நிச்சயம் முடியட்டும். கல்யாணமும் முடியட்டும். அப்பறம் ஒரு நாள் பொறுமையாச் சொல்லிக்கலாம்.”

“அந்தப் புள்ள தெரியாம இந்த வூட்டுக்கு வரோணுமா?”

“பதினெட்டு வருசம் தெரியாமத்தான இருந்துச்சு? இன்னும் ரெண்டு மாசம் இருந்தா என்ன? உங்க மனசுப் பாரம் எறங்கறதுக்காக எம்பையன் வாழ்க்கையக் கெடுப்பீங்களா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவேளை எனக்கு இறக்கி வைக்க ஆசையாகவும் இருக்கலாம். ஆனால் சாந்தாமணி தன் கையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பது?

நவநீதனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. போனில் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “பவாகிட்ட நீங்களே போய் சொல்லுங்கப்பா. என்னைச் சொல்ல வெக்காதீங்க” என்றான். போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 27, சனி

பதினொரு மணிக்குப் போனேன். சாந்தாமணி தையல் மெஷினில் இருந்தாள். ஜாக்கெட் தைத்துக் கொண்டிருந்தாள், நிச்சயத்துக்கு மகளுக்கு. வாங்கண்ணா என்று எழுந்தாள். தண்ணீர் கொண்டுவரப் போனவளை உட்காரச் சொன்னேன். நான் உட்காரவில்லை.

சொன்னேன். அடைத்ததைச் சொன்னேன். அவன் வண்டியை நிறுத்தவா என்று கேட்டதைச் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். கியரைச் சொன்னேன். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். துணியை மெஷினிலிருந்து உருவி மடித்து வைத்தாள். அப்புறம் ஒரே கேள்வி கேட்டாள்.

“அப்ப அவிய நியூட்ரல்ல வர்ல?”

“வர்ல.”

“பிரேக்க மிதிச்சாங்களா?”

“கடைசி வரைக்கும் மிதிச்சிருக்கறான். ரோட்டுல கோடு இருந்துச்சு. நாற்பதடிக்கு மேல.”

“வெரசா வரோணும்னு வர்ல?”

“இல்ல சாந்தாமணி. ரெண்டாவது கியர். எப்பவும் வர மாதிரிதான் வந்தான்.”

அவள் அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் அவன் பிணத்தைக் கொண்டுவந்த அன்றுகூடக் கேட்டதில்லை. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவே தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் நின்றேன்.

உள்ளே கதவுக்குப் பின்னால் பவதாரணி இருந்திருக்கிறாள். வெளியே வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்பன் ஜாடை. இத்தனை நாளும் நான் அதைக் கவனிக்காமல் பழகியிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குச் சொன்னது பத்தாதுங். நாளைக்கி ஞாயித்துக்கெழம. லாரி ஸ்டேண்டுல எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. நாங்களும் வர்றோம்.”

அண்ணா என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஏழரை மணிக்குப் போனேன். டீக்கடை முன்னால் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோருமே நான் வண்டி பார்த்துக் கொடுத்தவர்கள், இல்லையென்றால் அவர்கள் மகன்கள். எப்ப வந்தீங்க, பையனுக்குக் கல்யாணமாமா என்று விசாரித்தார்கள். சாந்தாமணியும் பவதாரணியும் வந்து புளியமரத்துக்கு அடியில் நின்றதும் பேச்சு குறைந்தது. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

நான் டீக்கடை பெஞ்சின் பக்கத்தில் நின்று சொன்னேன். அர்த்தனாரி நியூட்ரலில் வரவில்லை. முன்பிரேக்கை நான்தான் அடைத்தேன். அவன் நிறுத்துகிறேன் என்றான், நான்தான் ஓட்டச் சொன்னேன்.

யாரும் கோபப்படவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூத்த டிரைவர் குப்பண்ணன் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். “அட விடப்பா. வேணும்னா செஞ்ச? இங்க நிக்கிற வண்டியில பாதிக்கு மேல அடச்சுத்தான் ஓடுது. என்ற வண்டியும் அப்பிடித்தான். அவன் நேரம் முடிஞ்சுது” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவன் எனக்கு டீ சொன்னான். அந்த டீயை வாங்கக் கையை நீட்டிவிட்டேன் என்பதை இங்கே எழுதாமல் விட முடியாது. ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

“கியர மாத்துனீங்களே, அதச் சொல்லுங்க” என்றாள் சாந்தாமணி மரத்தடியிலிருந்து.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். குப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். அவன் கை கம்பியின் மேல் இருந்ததை, அந்தக் கையை எடுத்ததை, தள்ளியதை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தோளில் இருந்த குப்பண்ணனின் கை விலகிவிட்டது.

பவதாரணி மரத்தடியிலிருந்து நடந்து வந்து எனக்கு மூன்றடி முன்னால் நின்றாள்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க” என்றாள்.

இன்னொரு முறை சொன்னேன்.